மணப்பாட்டுக்குப் போவதாகச் சொன்னோம்

என் மகளை எட்டு மாதக் குழந்தையாக அக்காவிடம் விட்டுவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பினேன். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு நர்ஸ் வேலை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஷிப்ட். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. “ஒரு வருஷந்தானளா, நான் பாத்துக்கிடுதேன்” என்று அக்காதான் சொன்னாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு வருஷம் என்றது மூன்று வருஷமாயிற்று.

வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் கூப்பிடுவேன். அக்கா போனை அரிசி டின்னில் சாய்த்து வைப்பாள். பிள்ளை முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நடக்கத் தெரிந்ததும் ஓடினாள். பேச்சு வந்ததும், “அம்மா, ஒனக்கு போன்” என்று அக்காவைக் கூப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். “ஏ பிள்ள, அம்மா அங்கன இருக்கா பாரு” என்று அக்கா திரையைக் காட்டுவாள். அவள் குரலில் பதற்றம் இருக்கும். ஆனால் முகத்தில் சந்தோஷம். அதை நான் பார்த்தேன். மன்னிக்கவில்லை.

இடையில் ஒரு லீவில் வந்து, பழக்கிக்கொள்ளலாம் என்று பிள்ளையைக் கணவர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல். அக்கா பஸ் பிடித்து வந்து தூக்கினாள். அவள் தோளில் சாய்ந்த ஐந்து நிமிஷத்தில் பிள்ளை தூங்கிப்போனாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த முறை அக்காவிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப்போகப் போவதில்லை என்று.

விசாவுக்கு போட்டோ எடுக்க, பிள்ளைக்குத் தலை சீவி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனவள் அக்காதான். எதற்கு என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஆகும் என்றேன். விசா வந்த பிறகு லீவில் வந்து, பத்து நாள் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் ஆக்கிப்போட்ட சீலா மீன் குழம்பைச் சாப்பிட்டேன். பெட்டிகளை முந்தின நாளே கணவரின் நண்பர் வீட்டில் சேர்த்துவிட்டோம்.

காலையில் கார் வந்தது. மணப்பாட்டுக்குப் போய்த் தேவாலயத்தையும் கடலையும் காட்டிவிட்டு சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்றோம். நானும் வாரேனே என்றாள் அக்கா. காரில் இடம் இல்லை என்றார் என் கணவர். பின் சீட்டில் இடம் இருந்தது அவளுக்கும் தெரிந்தது. உள்ளே போய், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். மாற்றிப் போட ஒரு சட்டை. “தண்ணில எறக்கிறாதிய, அவளுக்குச் சளி புடிக்கும்.”

மணப்பாட்டில் வண்டி நிற்கவில்லை. உவரி, கன்னியாகுமரி தாண்டித் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் போன பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சட்ட ஒண்ணுதான குடுத்துவிட்டேன்” என்றாள். “அங்கன குளிருமே.”

அப்புறம்தான் அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அயர்லாந்தில் பிள்ளை என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். எந்த ஆன்ட்டியிடமும் காட்டாத மரியாதையோடு. “ஆன்ட்டி, எப்ப வீட்டுக்குப் போவோம்?” ஒவ்வொரு நாளும் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். அக்காவின் நம்பரை பிளாக் செய்தேன். அத்தானுடைய நம்பரையும். ஆள் கண்ணில் படாவிட்டால் பிள்ளை மறந்துவிடும் என்று உடன் வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். எனக்கு அது வைத்தியம் மாதிரி தோன்றியது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், பகலில் அவளை விட்டிருந்த கிரெச்சுக்குப் போனேன். பிள்ளையை அழைத்துப் போக நான் வந்தபோது அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு, கற்றிருந்த கொஞ்சம் இங்கிலீஷில், இவள் என் அம்மா இல்லை என்று சொன்னாள். பொறுப்பாளர் பெண் நல்லவள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் அடையாள அட்டையைக் கேட்டாள். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டே பார்த்தார்கள். பெற்றவள்தான் என்று காகிதத்தைக் காட்டி என் பிள்ளையை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் கோபத்தில் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். நிதானமாகச் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

“அந்த அம்மா உன்ன வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீதான் கூட்டிட்டுப் போன்னு சொல்லி எங்கிட்ட குடுத்துட்டாங்க.”

அவள் அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். இறங்கிப் போய் வாசலில் இருந்த செருப்பை எடுத்து ஷூ வைக்கிற பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் என்னை “அம்மா” என்று கூப்பிட்டாள். கணவர் மகிழ்ச்சியில் கேக் வாங்கி வந்தார். நானும் சாப்பிட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான் மறுபடி தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தோம். அதற்குள் நான் மட்டும் அக்காவோடு போனில் பேச ஆரம்பித்திருந்தேன். பிள்ளையைப் பற்றி அவள் கேட்பாள், பிள்ளையைக் கூப்பிடச் சொல்லமாட்டாள். அன்று அக்கா புதுச்சேலை கட்டி வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது. கை நீட்டினாள். மகள் என் பின்னால் ஒதுங்கினாள்.

“மறந்துட்டியா மக்கா?”

“மறக்கல” என்றாள் மகள். “நீங்கதான என்ன வேண்டாம்னு சொன்னீங்க. நான் என்ன பண்ணேன்?”

அத்தான் என்னைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். அக்கா என் முகத்தைப் பார்த்த பார்வையில் எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது தெரிந்தது. அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

“நீ ஒண்ணும் பண்ணல மக்கா” என்றாள். “எனக்கு அப்ப ஒடம்பு சரியில்ல. அதான் சொன்னேன்.”

அடுப்படிக்குள் அவள் பின்னாலேயே போனேன். ஊளி மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்று தொடங்கினேன்.

“பேசாதளா. ஒனக்காவச் சொல்லல. இருக்க ஒரு அம்மையும் பொய்க்காரின்னு தெரிஞ்சா அது எங்க போவும்?” கத்தியை அலசி வைத்தாள். “இனும நீ வா. ஒன்ன வராதன்னு சொல்லமாட்டேன். அவள கூட்டிட்டு வராத. இன்னொரு தடவ வழியனுப்ப எனக்குத் தெம்பு இல்ல.”

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டேன், தனியாக. அக்கா சாப்பாடு போடுகிறாள். துறைமுகத்து வேலையைப் பற்றி, மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசுகிறாள்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் இவளைப்போல் அடக்கமான பிள்ளை இல்லை என்கிறார்கள். சாப்பிட்ட தட்டைச் சொல்லாமலே கழுவி வைப்பாள். எதையும் கேட்டு அடம் பிடித்ததில்லை. போன வாரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன், எல்லா அம்மாக்களும் போடுகிற சத்தம்தான். துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்று கேட்டாள்.

“என்னை யாருகிட்ட அனுப்புவீங்க?”

விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. யாரிடமும் அனுப்பமாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் அக்காவிடம் போய்விடுவாள் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.