வைரவன் முழங்காலில் எடுத்த நீர்

ஒக்கூர் வைரவன் கொத்தனாருக்கு உயரத்தில் நிற்பதும் தரையில் நிற்பதும் ஒன்றுதான். ஆனால் யாருக்காவது முழங்கால் வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார்.

காரணம் அவருடைய அண்ணன் கருப்பையா. அவரும் கொத்தனார்தான். வேலை செய்யும் இடத்தில் முழங்காலில் துருப்பிடித்த ஆணி குத்தியதை யாரிடமும் சொல்லாமல், பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டாக்டர் நீளமான ஊசியை மூட்டுக்குள் செலுத்தி இழுத்தபோது மஞ்சளாகச் சீழ் வந்தது. மறுநாள் தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற வைரவன் மனதில் பதிந்தது இவ்வளவுதான்: ஊசி போட்டார்கள், கால் போயிற்று.

1969 ஐப்பசியில் நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தது. மழையில் நனைந்த சாரப் பலகை வழுக்கி வைரவன் விழுந்தார். இடது முழங்கால் செங்கல் அடுக்கில் மோதியது. மாட்டு வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் சில்லு இருந்த இடமே தெரியாமல் வீங்கிவிட்டது.

சுளுக்குத்தான் என்று மனைவி நாகவல்லியிடம் சொன்னார். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். காலை வேட்டியால் மூடிக்கொண்டு, காய்ச்சல் வந்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கிடந்தார். நாகவல்லிக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டாள்.

கருப்பையா கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார். கிளம்பு, காரைக்குடிக்குப் போவோம் என்றார். வைரவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஊசி வேண்டாம்ணே. உங்க காலை அந்த ஊசிதானே எடுத்துச்சு.”

இத்தனை வருஷமாகத் தம்பி இப்படி நினைத்துக்கொண்டிருந்தது கருப்பையாவுக்குத் தெரியாது. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஊசி எடுக்கலடா. பயந்துக்கிட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லாமக் கெடந்தேன் பாரு, அதுதான் எடுத்துச்சு.”

காரைக்குடியில் டாக்டர் அழகுசுந்தரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முறிவு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் வீக்கம் அவருக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே தேங்கியிருப்பதை ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியும், வலியும் குறையும் என்றார். வைரவன், தனக்கு நினைவு தப்பிவிட்டால் காலை வெட்ட விடக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது ஊசிக்குழாய் நிறையக் கறுத்த ரத்தம் இருந்தது. டாக்டர் அதைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ரத்தத்தின் மேலே, கறிக்குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல், பளபளவென்று துளிகள் மிதந்தன. தன் சதைதான் உருகி வருகிறது என்று நினைத்தார் வைரவன்.

“அய்யா, காலை எடுத்துருவீகளா?”

“யாருப்பா அப்படிச் சொன்னது? இது எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு. எலும்பு எங்கயோ விரிசல் விட்டிருக்கு. அதான் ரத்தத்தோட கலந்து மூட்டுக்குள்ள வந்திருக்கு.”

சீழ் இல்லையென்பது கண்ணுக்கே தெரிந்தது. இருந்தாலும் கிருமி உண்டா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவதாகச் சொல்லி டாக்டர் உள்ளே போனார். அண்ணனும் தம்பியும் வராந்தாவில் காத்திருந்தார்கள். கருப்பையா வாங்கி வந்த டீ வைரவன் கையிலேயே ஆறிப்போனது. கிருமி தென்படவில்லை என்று டாக்டர் வந்து சொன்ன பிறகும் வைரவன் அதை நம்பாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தார். கருப்பையா அழுதுகொண்டிருந்தார்.

காலைச் சாய்த்து வைத்து மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில், மூட்டுக்குச் சற்றுக் கீழே, முடியிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

பயம் அதோடு விடவில்லை. கட்டுக்குள் அரித்தால் சீழ் பிடித்துவிட்டது என்பார். தினமும் நாகவல்லியைக் கட்டின் ஓரத்தில் முகர்ந்து பார்க்கச் சொல்வார். அவளும் சலிக்காமல் முகர்ந்து, மாவு வாடைதான் அடிக்கிறது என்பாள். தை பிறந்து கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக மெலிந்திருந்தது. ஆனால் மடங்கியது. சித்திரையில் வேலைக்குப் போனார்.

ஏழெட்டு வருஷம் கழித்து அதே முழங்கால் மறுபடி வீங்கியது. யாரும் சொல்லாமலே வைரவன் முதல் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய் இறங்கினார். இந்த முறை ஊசியில் வந்த நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. டாக்டர் ஒரு துளியை இரு விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தார். அது நூல்போல நீண்டது; சீழ் பிடித்த நீர் அப்படி இழுபடாது. பழைய அடியினால் வந்த தேய்மானம், கிருமி சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை, பாரம் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் நூல் இழுத்துக் காட்டியதை வைரவன் பார்க்கவில்லை. அப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் படுத்திருந்தார்.