யாரும் படுக்காத கட்டில்

கன்னத்தைச் சுவரில் ஒட்ட வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் அந்த அம்மாள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. வடக்குச் சுவர் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவர், அப்புறம் சமையலறை. "கைல வெச்சா தெரியாது, கன்னத்துலதான் ஈரம் தெரியும்" என்பார். ஈரம் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு நகராட்சிப் பொறியாளருக்குப் போன் போடுவார். அவர் எடுக்க மாட்டார். மறுபடியும் போடுவார். டிக்கெட் கொடுக்கிறவர் வந்து வாசலில் உட்காருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். காசு கொடுத்து உள்ளே வருகிறவர்கள் முன்னால் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

எங்கள் ஊரில் அவரை வீட்டம்மா என்பார்கள். வீடு அவருடையது இல்லை. கப்பல் வைத்து வியாபாரம் செய்த ஒரு மனிதர் ஆசை ஆசையாகக் கட்டியது. வாரிசு இல்லாமல் நகராட்சியிடம் வந்து சேர்ந்தது. நகராட்சி அதில் கொஞ்ச காலம் தேய்ந்த டயரையும் உடைந்த தெருவிளக்கையும் போட்டு வைத்திருந்தது. பிறகு யாருக்கோ புத்தி வந்து, கழுவித் துடைத்து, ஊர் சுற்ற வருகிறவர்கள் பார்க்கிற இடமாக மாற்றினார்கள். வரி வசூல் பிரிவில் இருந்த இந்த அம்மாளை நிர்வாகி என்று அனுப்பி வைத்தார்கள். தண்டனை மாதிரிதான் அனுப்பினார்கள் என்று கேள்வி. அவர் அதை வரம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள். கழிப்பறை எங்கே, இங்கே பேய் இருக்கிறதா, இந்த வீடு இன்றைக்கு என்ன விலை போகும். முதல் கேள்விக்குக் கையை நீட்டுவார். கடைசிக் கேள்விக்கு, கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களால முடியாது" என்பார். பேய் விஷயத்தில்தான் பெரிய தகராறு. கூட்டத்துக்காக ஒரே ஒரு சின்னப் பேயையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட்காரர் கெஞ்சிப் பார்த்தார். ஒரு பெண் பேய், அதிகம் தொந்தரவு செய்யாத பேய், அவ்வளவுதான் அவர் கேட்டது. "இல்லாததைச் சொல்லி ஒருத்தரையும் உள்ள கூப்பிட மாட்டேன்" என்று வீட்டம்மா முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அதனால் கூட்டம் சுமார்தான். ஆள் வரவில்லையே என்று தினமும் அடித்துக்கொள்வதும் அவரேதான்.

தொடுவது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. மாடிப்படிக் கைப்பிடியைக்கூடத் தேவைப்பட்டால்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து அறையில் யாராவது நாற்காலியைத் தடவினால் இங்கிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர், தங்கமான மனிதர். தூக்கத்தில்கூட மனைவி "தொடாதீங்க, தொடாதீங்க" என்று முனகுவதாக ஒருநாள் என்னிடம் புலம்பினார். "அந்த வீட்டுக்குத்தான் அவ வீட்டம்மா. எங்க வீட்டுக்கு விருந்தாளி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வீட்டிலேயே உசத்தியான பொருள் மாடியில் இருக்கிற கட்டில். நாலு பக்கமும் தூண், தூணைச் சுற்றி மரத்திலேயே செதுக்கிய கொடி, மேலே விதானம், சுற்றிலும் கனத்த திரை. வெயில் பட்டால் துணி வெளுத்துவிடும் என்பதால் திரை எப்போதும் மூடியே இருக்கும். வந்தவர்களைச் சிவப்புக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, வீட்டம்மா ஒரு ஓரத்தை மட்டும் விலக்கிக் காட்டுவார். எல்லாரும் ஆவென்று பார்ப்பார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் மூடிவிடுவார்.

போன வருஷம் இந்த வீட்டின் மீது ஒரு ஓட்டல் கம்பெனியின் கண் விழுந்தது. வீட்டைக் குத்தகைக்குக் கொடுத்தால் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவோம் என்று நகராட்சிக்கு வந்து கேட்டார்கள். நகராட்சித் தலைவருக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். கொடுத்துவிட்டால் வீட்டம்மா பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். இதை ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கண் கலங்கினார் என்று நான் நாசூக்காக எழுதலாம். கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். "யாரு பொறந்தா எனக்கென்ன, யாரு செத்தா எனக்கென்ன? இந்தச் சுவரை யாரு பார்ப்பா?" என்றார்.

கூட்டத்தில் முடிவு எடுப்பதற்கு முன்னால் தலைவரே நேரில் பார்க்க வந்தார். பொறியாளர் ஜீப்பில் அவரும், இன்னொரு காரில் கம்பெனிக்காரர்களும். கம்பெனிக்காரர்கள் டேப்பை இழுத்து இழுத்துச் சுவரை அளந்தார்கள். வீட்டம்மா பின்னாலேயே போய் டேப் சுவரில் உரசாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவர் போனில் யாருடனோ பேசியபடியே அறை அறையாகப் போனார். பிறகு எல்லாரும் தோட்டத்துக்குப் போய், அப்படியே வண்டி ஏறிவிட்டார்கள். தலைவர் காரில் வருகிறார் என்று ஜீப்பில் இருந்தவர்கள் நினைத்தார்கள். காரில் இருந்தவர்கள் ஜீப்பில் வருகிறார் என்று நினைத்தார்கள். சாயங்காலம் வீட்டம்மா வழக்கம்போல ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "யாராச்சும் இருக்கீங்களா, பூட்டப்போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இருட்டுகிற நேரத்தில் நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு மாடி ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. நகராட்சித் தலைவர் எட்டிப் பார்த்தார். கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்கிற பயத்தோடு, உதவி கேட்கிற குரலும் ரகசியம் பேசுகிற குரலும் கலந்து, "தம்பி... தம்பி..." என்று என்னைக் கூப்பிட்டார். அவர் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. நான் பின்தெருவில் இருக்கிற அவர் வீட்டுக்கு ஓடி வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மாடி அறையில் தலைவர் ஒரு பக்கத்துத் தலைமுடி படிந்துபோய் நின்றார். கட்டில் விரிப்பில் இருந்த பூவேலை அவர் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது. வீட்டம்மா முதலில் கட்டிலைத்தான் பார்த்தார். குனிந்து அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். எதுவும் உடையவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். திரைக்கு உள்ள ஆள் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அது கட்டில்ங்கறதே மறந்துபோச்சு."

தலைவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. தலை சுற்றுகிற மாதிரி இருந்ததாகவும், சும்மா சாய்ந்ததாகவும் சொன்னார். விடிந்தால் அவர் வீட்டு வாசலில் மனுவோடு ஆட்கள் நிற்கிறார்கள், படுத்தால் போன் அடிக்கிறது, இப்படித் தூங்கி எத்தனை காலம் ஆகிறதோ என்றார். பிறகு கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மனசாரச் சொன்னார்: "என்ன தூக்கம்மா! ஓட்டலா ஆக்கினா பிரமாதமா ஓடும்."

வீட்டம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் நினைத்தேன். அவர் கட்டில் திரையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஓட்டலா ஆக்கினா உங்களால தூங்க முடியாது சார். பக்கத்து ரூம்ல டிவி ஓடும். கீழ பார்ட்டி நடக்கும். உங்களைப் பார்த்ததும் ஓட்டல் மேனேஜரே ஒரு மனுவோட வந்து நிப்பாரு. இங்க யாரு வர்றா?"

ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று நித்தமும் அடித்துக்கொண்டவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! தலைவர் கட்டிலை இன்னொரு தரம் பார்த்தார். தலையைச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் போக வேண்டும் என்றார். தோட்டத்து வழியாக அனுப்பி வைத்தோம்.

நகராட்சிக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, ஊரின் பெருமையை ஓட்டலுக்கு வாடகைக்கு விடுவது அழகில்லை என்று உருக்கமாகப் பேசினார். கம்பெனிக்கு இல்லை என்று தீர்மானமானது. பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்து எழுதினார்கள். வீட்டம்மா அந்தத் துண்டுச் செய்தியை வெட்டி ஒட்டவில்லை. அவர் வேறு வேலையில் மும்முரமாக இருந்தார். பூவேலை விரிப்பை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். தச்சரைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு அடியில் புதுப் பலகை போடச் சொன்னார். பஸ் டிரைவர் என்னை வழியில் பார்த்து, "என் தலையணையைக் காணோம். எங்க போச்சுன்னு கேக்கவே பயமா இருக்கு" என்றார்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமைதோறும் மதியம் தலைவர் வருகிறார். டிக்கெட் வாங்குகிறார். மரியாதைக்குக் கீழ் அறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி ஏறுகிறார். அவரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. படிக்குக் கீழே 'பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று ஒரு பலகை வைக்கப்படும். இல்லாத பேயைச் சொல்ல மறுத்தவர், இல்லாத வேலைக்குப் பலகை வைக்கிறாரே என்று சீண்டிப் பார்த்தேன். "சும்மா இருங்க. பாவம் மனுஷன்" என்று அதட்டினார். கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு கட்டில் போனா போகட்டும். மத்ததெல்லாம் நிக்குதுல்ல" என்றார்.

போன வியாழக்கிழமை ஒரு குடும்பம் சமையலறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. கணவர், மனைவி, கூட மாமியார். மாடி அறைக்கு நேர் கீழேதான் சமையலறை. வீட்டம்மா புகைபோக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குறட்டை இறங்கி வந்தது. சின்னது இல்லை, ஊருக்குத் தலைவராக இருக்கத் தகுந்த குறட்டை. மாமியார் அண்ணாந்து பார்த்து, "மேல என்னங்க சத்தம்?" என்றார்.

சமையலறை மூலையில் ஒரு கிணறு இருக்கிறது. அதன் ராட்டினத்தில் யாராவது விரலை வைத்தால் வீட்டம்மா கையை ஒடித்துவிடுவார். "இது இன்னும் வேலை செய்யுது, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கிணற்றடிக்குப் போனார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். எண்ணெய் காணாத ராட்டினம் வீடே அதிர அலறியது. தண்ணீர் இல்லாத வாளி மேலே வந்தது. அதை மறுபடி உள்ளே விட்டு, மறுபடி இழுக்க ஆரம்பித்தார்.