நாலாவது இடத்தில் யார்

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் கழித்து என் வீட்டுக்காரர் முழுசாகப் பேசிய முதல் பேச்சு, "உனக்கு ஒரு மண்ணும் தெரியாதுடா மச்சான்" என்பது. அதை என்னைப் பார்த்துச் சொன்னார். முப்பது வருடமாக அவருக்குச் சோறு ஆக்கிப் போட்ட பெண்டாட்டியைப் பார்த்து.

மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு ஹாலில் அன்று மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தது, ஐம்பது ஓவர் ஆட்டம். பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்ப் பெண், அவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள், பதில் வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நானும் நண்டுக் குழம்பைப் பற்றிப் பேசினேன், மகளைப் பற்றிப் பேசினேன், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அவர் பார்த்த ஷிப்டு வேலையைப் பற்றிக்கூடப் பேசினேன். சுவரோடு பேசின மாதிரிதான். அலுத்துப்போய், "இந்த வேகப்பந்து போடுற தடியன முதல்லயே அனுப்பித் தொலைச்சா என்ன, நாலு சிக்ஸராச்சும் அடிப்பான்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கழுத்து திரும்பியது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால், ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வெளியே தள்ளினார்.

துணியைப் போட்டுவிட்டு அழுதேன். பேச்சு வந்துவிட்டதே என்ற சந்தோஷம். மச்சான் என்று யாரைச் சொன்னார் என்பது சமையற்கட்டில் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. குழாயை மூடாமலே வெளியே வந்துவிட்டேன்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு மச்சான்தான். சொந்தம் இல்லை, சிநேகிதர். பக்கத்து ஊரான செங்கில் தனியாக வீடெடுத்து இருந்தவர், ஆலையில் இவரோடு ஒரே ஷிப்டு. எங்கள் வீட்டில் செங் அண்ணன் என்போம். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். கல்யாணம் கட்டாத மனிதர். மலாக்காவில் நம் ஆட்கள் பந்து என்றால் கால்பந்தைத்தான் சொல்வார்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் கிரிக்கெட் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் அண்ணனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஆட்டம் பார்ப்பதைவிட, யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று சண்டை போடுவதுதான் அதிகம். தேர்வுக் குழுவே இவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நினைப்பு.

அண்ணன் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் முழுக்க, பேட்டிங்கில் நாலாவது இடம்தான் தகராறு. அண்ணன் ஒரு வயதான இடது கைக்காரரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "பத்து ஓவர்ல ரெண்டு விக்கெட் போச்சுன்னா நின்னு ஆட ஆள் வேணும் மச்சான். வந்ததும் சுத்திட்டுப் போறதுக்கு எதுக்கு நாலாவது ஆளு?" இவர் கட்சி வேறு. "முதல் மூணு பேரும் முப்பத்தஞ்சு ஓவர் நின்னுட்டா? அப்புறம் உன் கிழவன் வந்து கட்டை போட்டுக்கிட்டு இருப்பான். சின்னப் பையன எறக்கு லா." இடது கையும் வலது கையும் மாறி மாறி நின்றால் சுழல்பந்துக்காரனுக்குக் குழப்பம் என்பார் அண்ணன். விக்கெட் கீப்பரை ஐந்தில் இறக்கினால் பந்து போட ஒரு ஆள் கூடக் கிடைப்பான் என்பார் இவர். சமையற்கட்டில் இருந்தபடியே எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் ஆட்டம், அதனால் நமக்குப் பகலிலேயே நடந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, எஸ்பிஎம், நெருக்கம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். இவர்கள் இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டி வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் நீளம். முதல்நாளிலிருந்தே தலைவலி வேறு. கையில் கரண்டியோடு வெளியே வந்து, "உங்களுக்குத்தான் குடும்பம் குட்டின்னு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல புள்ள படிக்கணும். கெளம்புங்கண்ணே" என்றேன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. "சரிம்மா தங்கச்சி" என்று ஹெல்மெட்டை எடுத்தார். இவர் எழுந்து, "மழை விடட்டும்டா" என்றார். அண்ணன் கையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். செங் போகிற வழியில், சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு லோரி. வீடு போய்ச் சேரவில்லை.

இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை இல்லாத மனிதர் என்று இவரே கொள்ளி வைத்தார், இவரே காரியம் செய்தார். பதினாறு முடிந்து வீட்டுக்கு வந்து, "சாப்பாடு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கிரிக்கெட் பார்ப்பதை விடவில்லை, ஆனால் டிவி சத்தத்தை அடைத்துவிட்டுத் தனியாகப் பார்ப்பார். என்னைத் திட்டியிருக்கலாம். சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். நான்தான் அண்ணனைக் கொன்றேன் என்று இந்த மனிதர் நினைக்கிறாரா இல்லையா, எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஒரே கட்டிலில் படுத்தும் கேட்க வாய் வரவில்லை. மற்றதற்கெல்லாம் நீளுகிற வாய் அதற்கு மட்டும் நீளவில்லை. அப்புறம் இவருக்குப் பேச்சே போய்விட்டது. இனி எங்கே கேட்பது என்று இருந்தேன்.

முதலில், பேச்சு வரட்டும் என்றுதான் அண்ணனாக நடித்தேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வராத வாய், யாராவது தப்பான வரிசை சொன்னால் திறந்தது. கோபம் வந்தால்தான் சொல் வந்தது. ஆகவே தினம் மத்தியானம் அண்ணன் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் கட்சியைப் பேசினேன். "நீ என்ன வேணா சொல்லு மச்சான், என் ஆளுதான் நாலாவது." டிவியில் ஆடுகிற புதுப் பையன்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவர் சண்டை போட்டதெல்லாம் அந்தப் பழைய அணிக்காக. அதில் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டே போய்விட்டார்கள். நடுவில் ஒருநாள், "நான்தாங்க, உங்க பொஞ்சாதி" என்று அவர் முகத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "சரி மச்சான், கீப்பர் அஞ்சாவதுன்னே வச்சுக்க" என்று ஆரம்பித்தேன்.

இன்னொரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "மச்சானுக்குத் தே ஓ" என்றார். சமையற்கட்டில் யாரும் இல்லை. நானே எழுந்துபோய், அந்தப் பால் விடாத தேநீரை அண்ணன் குடிக்கிற மாதிரி சீனியும் இல்லாமல் கலக்கிக் கொண்டுவந்து, அவர் முன்னால் உட்கார்ந்து குடித்தேன்.

மேசையை எப்போது தட்ட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகள் வீடியோவில் கூப்பிட்டவள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, போதும் லா. செங் மாமா மாதிரியே பேசுறீங்க. பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயம்தான். தனியாக வெங்காயம் உரிக்கும்போதுகூட, இடது கை வலது கை என்று அண்ணன் குரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நான் விரட்டின மனிதரை நானே கூட்டிவந்து குடிவைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவர் பேச்சு ஓரளவு தேறியிருந்தது, மூன்று நான்கு சொல் சேர்ந்தாற்போல வரும். வழக்கம்போல நாலாவது இடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவர் சட்டென்று நிறுத்தி வாசலைப் பார்த்தார். "மழை விடட்டும்டா. இரு" என்றார். நான் எழுந்துவிடக் கூடாது என்று என் முழங்காலை நல்ல கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கேட்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அன்னைக்குத் தங்கச்சி என்னைப் போகச் சொல்லுச்சே. அது மேல உனக்குக் கோபமா மச்சான்?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை தே ஓ வேண்டுமானாலும் குடிக்கத் தயாராக இருந்தேன்.

"இருக்கு" என்றார். பிறகு, "நெறைய இருக்கு."

அவர் வாயோரம் எச்சில் வழிந்தது. நான் துடைக்கவில்லை. அண்ணனாக இருந்தால் துடைக்க மாட்டார். முழங்காலில் இருந்த பிடியை அவர் விடவில்லை, அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சொன்னா அவ தாங்க மாட்டாடா. செத்துருவா."

நான் சமையற்கட்டில் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீயும் சொல்லிடாத" என்றார்.

நல்ல கையை நீட்டினார். அதன் மேல் என் கையை வைத்து, "சொல்ல மாட்டேன் மச்சான்" என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.