கோவிந்தராசு வயலில் ஒரு பட்டை

பிப்ரவரி 3, செவ்வாய், காலை 6.12. அமுதா டீச்சர் என் கைப்பேசிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி: “வியாழக்கிழமை அறுவடை மிஷின் வருது சார். சனிக்கிழமை மழைன்னு சொல்றாங்க. இந்த வருஷமாவது மிஷின் என் வயலுக்குள்ள போகணும். முடிஞ்சா வாங்க.”

வியாழன் காலை 7.40க்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் ஏறினேன். கண்டியூர், நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 120 ரூபாய்.

அமுதா அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவருடைய பெற்றோர் இதே வயல்களில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், விலைக்கு வாங்கினார். ஆதிதிராவிடர் தெருவிலிருந்து இந்தப் பக்கம் நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். வயலுக்குத் தனி வழி கிடையாது. சாலையோரம் இருக்கும் கோவிந்தராசுவின் வயலைத் தாண்டித்தான் மிஷின் போக வேண்டும். முன்வயல் அறுத்ததும் அதன் வழியே பின்வயலுக்குப் போவது இங்கே வழக்கம். யாரும் கேட்டுக்கொள்வதுகூட இல்லை. அமுதாவுக்கு மட்டும் இரண்டு வருடமும் வழி கிடைக்கவில்லை. தன் அறுப்பு முடிந்ததும் கோவிந்தராசு மிஷினைச் சாலைக்குத் திருப்பிவிட்டார். அடுத்த பயிராக, அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் தெளித்த உளுந்து முளைத்திருக்கிறது, நசுங்கிவிடும் என்றார். அவருடைய சாதிக்காரர்களின் மிஷின் போனபோது நசுங்காத உளுந்து அது. போன வருடம் அரிவாளோடு ஆள் தேடுவதற்குள் மழை வந்து, அமுதாவின் பாதிப் பயிர் சாய்ந்து முளைத்துப்போனது.

இந்த வருடம் மிஷினுக்குத் தட்டுப்பாடு. ஆத்தூரிலிருந்து வந்த ஒரே மிஷினைப் பிடித்து வைத்திருந்தவர் அமுதா. 10.15க்குக் கோவிந்தராசுவே வந்தார்.

“என்ன டீச்சர், எனக்கும் சேத்து அறுக்கச் சொல்லேன். வழியிலதான இருக்கு. என்னுது முதல்ல.”

“உங்களுதுலதாங்க முதல் அறுப்பே.” அமுதா ஓட்டுநர் பழனியிடம் திரும்பினார். “அண்ணே, இவங்க வயல்ல மிஷின் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை. அப்படியே உள்ள போயி என்னுதை முடிச்சிட்டு, திரும்பி வரப்ப இவங்க மிச்சத்தை அறுத்துடுங்க.”

“முழுசா அறுத்துட்டுப் போனா என்னவாம்?” என்றார் கோவிந்தராசு.

“முழுசா அறுத்தா உங்களுக்கு உளுந்து ஞாபகம் வந்துடும்ங்க,” என்றார் பழனி. “போன வருஷம் இதே வண்டியத்தான திருப்பி விட்டீங்க!”

வாய்க்கால் கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கோவிந்தராசு சாலையின் இரு பக்கமும் பார்த்தார். வேறு மிஷின் எதுவும் வரவில்லை.

“சரி, சரி. வண்டிய எடுய்யா.”

10.43க்கு மிஷின் பட்டையை அறுத்து முடித்து அமுதாவின் வரப்பைத் தாண்டியது. அமுதா செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் அதன் பின்னாலேயே நடந்தார். “போயிடுச்சு சார், போயிடுச்சு,” என்று என்னைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். ஒன்றரை மணிக்கு ஆறு மாவும் முடிந்தது.

கோவிந்தராசுவின் வயல் முடிந்தபோது மணி நான்கு. கெட்டியான பாலில் போட்ட டீ வந்தது. எல்லோரும் நின்றபடி குடித்தோம். கோவிந்தராசுவுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும்.

“வருஷா வருஷம் இந்தக் கூத்து வேணாம் டீச்சர். எங்கப்பா காலத்துல இங்க வண்டிப்பாதை ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் வயலோட வயலாயிடுச்சு.”

“எந்தப் பக்கம்ங்க?” என்றார் அமுதா, மிக மெதுவாக.

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?” அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சனிக்கிழமை விடியற்காலையில் தஞ்சாவூரில் மழை பிடித்தது. அமுதாவை அழைத்தேன். என் அழைப்பில்தான் தூக்கம் கலைந்தார்; நெல் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்றார்.

கோவிந்தராசு சொன்ன பாதை பொதுப்பாதையாக இருந்திருந்தால், அமுதா யாரிடமும் வழி கேட்டிருக்கவே வேண்டியதில்லை. கிராம வரைபடத்தின் நகலுக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். அதில் அந்தப் பாதை இருக்கிறதா என்பதை இதை எழுதும்வரை நான் சரிபார்க்கவில்லை.