பவுலின் கேட்ட சிவப்பரிசி

1996இல், பவுலினுக்கு முப்பத்தெட்டு வயதாக இருந்தபோது, அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வரக்கூடும் என்று சொன்னார்கள். வந்துவிட்டது என்றிருந்தால் ஒருநாள் அழுது தீர்த்திருப்பாள். வரக்கூடும் என்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கினிகத்தேனைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறியதும் கைக்குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு. தலைசுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த டொக்டர் கேதீஸ்வரி, முடிவுத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நாளுக்கு எத்தினை தரம் ரொட்டி சாப்பிடுறனீங்கள்?"

"காலையிலயும் மத்தியானமும் ரொட்டிங்க. ராவைக்கு அரிசி இருந்தா சோறு, இல்லாட்டி ரொட்டிங்க."

"அது வெள்ளை மாவெல்லோ. தவிடு போனால் நார்ச்சத்தும் போயிடும். குரக்கன், தீட்டாத சிவப்பரிசி, கடலை, பயறு, கீரை சாப்பிடுங்கோ. நார்ச்சத்து இருந்தால் சீனி மெள்ள மெள்ளத்தான் ரத்தத்திலை ஏறும். வருத்தம் வராது எண்டு நான் சத்தியம் பண்ணேலாது. வாறதுக்கான ஆபத்துக் குறையும்."

"எங்க கடையில இதெல்லாம் இல்லீங்களே. சம்பளத்தோட போடுற வெள்ளை மாவுதாங்க."

"கேட்டு வாங்குங்கோ," என்று அதையெல்லாம் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார் டொக்டர். கெட்ட மனுஷி இல்லை. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

பவுலின் கேட்டாள். தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் நிற்கும் செல்லசாமி முதலில் சிரித்தான். அவள் விடவில்லை. மூன்று மாதம் நச்சரித்த பிறகு அரை மூட்டை குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மாவு, இறக்கினான். வாங்கியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கறுப்பு மாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் மூட்டைக்குள் பூச்சி விழுந்தது.

"பாத்தியாம்மா? உன் பேச்சைக் கேட்டு நான் கெட்டேன்," என்று செல்லசாமி மூட்டையை ஓடையில் கொட்டினான். அதன்பிறகு அவளைக் கண்டாலே கணக்குப் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான்.

வீட்டில் அதைவிட மோசம். கணவன் மத்தியாஸ் தேயிலை பெக்டரியில் வேலை செய்தான். அவள் கினிகத்தேனைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த சிவப்பரிசியை ஒருவாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினான்.

"கல்லு மாதிரி இருக்கு. ரொட்டி தின்னாத்தான் சாயந்தரம் வரைக்கும் தாங்கும். உனக்குத்தானே வருத்தம் வருதுன்னாங்க? நீ தின்னு."

"நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாருங்களேன்."

"எனக்கு என்னா கேடு?"

ஒரு அடுப்பில் இரண்டு சமையல் என்றாகிவிட்டது. விடிவதற்கு முன்னால் அவனுக்கு ரொட்டி தட்டிவிட்டுத் தனக்குக் கொஞ்சம் பயறு அவிப்பாள். அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் காணோரமாக வல்லாரையும் பொன்னாங்காணியும் போட்டாள். இரண்டு வருடத்தில் அது நன்றாகப் படர்ந்தது. பக்கத்துக் காம்பரா லெட்சுமிகூட வந்து கிள்ளிக்கொண்டு போவாள். 1999 மே மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது பாத்தி முழுவதும் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. புல்லுக்கு மருந்து அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள்.

பவுலின் நேரே கண்டாக்கு ஐயாவிடம் போனாள். வேலை வாங்கும் அந்த மனிதரிடம் அதுவரை அவள் குரலை உயர்த்தியதில்லை.

"கீரைன்னு தெரியலைங்களா ஐயா? மனுசன் திங்கிறதுங்க அது!"

"காணோரம் கம்பனி நெலம். யாரைக் கேட்டு நட்டே?" என்றார் அவர்.

அன்று சாயந்தரம் அவள் சமைக்கவில்லை. மத்தியாஸ் தானே மா பிசைந்து ரொட்டி சுட்டான். அவளுக்கும் இரண்டு வைத்தான். பசிக்கு அவள் தின்றாள், தின்றுகொண்டே அழுதாள். வேறு எந்த இடத்தில் நடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

2003இல் மத்தியாஸின் இடது கால் பெருவிரலில் ஆணி குத்தியது. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. அவனே இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தான். சீனி ஏறிக் கிடந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ, யாருக்கும் தெரியாது. விரலை எடுத்தார்கள்.

கேதீஸ்வரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் ஒரு தாளை நீட்டினார். குரக்கன், சிவப்பரிசி, கடலை, கீரை. அதே தாள். ஏழு வருடத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பவுலின் அதைக் கையில் வாங்கவில்லை.

"இதை எங்ககிட்ட குடுத்து என்னாங்க ஆகப்போகுது? எனக்கு இது மனப்பாடம். சம்பளத்தோட எங்களுக்கு மாவு போடுறாங்களே, அவங்ககிட்ட குடுங்க. கடைக்காரர்கிட்ட குடுங்க. நாங்க என்னா வேணாம்னா சொல்றோம்?"

"அது என்னுடைய வேலை இல்லை அம்மா," என்றார் அவர்.

பஸ்ஸில் வரும்போது மத்தியாஸ் மெதுவாகச் சொன்னான்: "உனக்கு வரும்னு சொன்னாங்க. எனக்கு வந்துருச்சு பாரு."

"பேசாம வாங்க," என்றாள். அவன்மீது இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதற்காகவும் தன்மீதே எரிச்சல் பட்டாள்.

டொக்டரின் வேலை இல்லையென்றால் அது யாருடைய வேலை? பிள்ளைகளைத் தூக்கிப்போக வரும் தாய்மார் ஒவ்வொருவரிடமும் அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் யாருக்குச் சீனி, யாருக்குக் கால் மரத்துப்போகிறது, யார் குளிசை போடுகிறார்கள். முப்பத்தொரு வீடு தேறியது. பெயர்களை ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவிடம் போனாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை தலைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்தும் தொரையின் ஒபீசுக்கே போய் நின்றாள்.

2005 கடைசியில், சம்பள வாரத்தில் மட்டும் கடைக்கு ஒரு மூட்டை சிவப்பரிசி வரும் என்று முடிவானது. மாவு வழக்கம்போலவே வந்தது.

இந்த முறை ஜனங்கள் வாங்கினார்கள். விரல் போன மத்தியாஸ் லயம் லயமாக நொண்டி நொண்டிப் போய்வந்தது, அவள் பேசிய எல்லாப் பேச்சையும்விட நன்றாக வேலை செய்தது. அவனும் முணுமுணுத்துக்கொண்டே தின்றான். மற்றக் காலில் புண் வரவில்லை.

2007இல் பவுலினுக்கு மறுபடி இரத்தம் பார்த்தார்கள். இன்னும் வரவில்லை என்றார்கள். பதினொரு வருடமாக அந்த ‘வரக்கூடும்’ என்பதிலேயே நிற்கிறாள்.

அந்த மாதச் சம்பள நாளில், கடைசிப் பிள்ளையைத் தாய் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவள் கடைக்கு ஓடினாள். மூட்டை வெறும் சாக்காகக் கிடந்தது.

"பத்து மணிக்கே முடிஞ்சிருச்சும்மா," என்றான் செல்லசாமி. "இப்ப எல்லாரும் கேக்கிறாங்க."

"அப்ப ரெண்டு மூட்டை எறக்குனா என்னாண்ணே?"

"மேல கேளு. நான் என்னா செய்யிறது?"

பவுலின் மாவை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, தலைவர் வீரய்யாவின் லயத்துப் பக்கமாகத் திரும்பினாள்.