வலிக்காத ஒரு பாட்டு

காலை ஏழு நாற்பது. என் மனைவி ஸ்டெல்லா கழுவிய தட்டைச் சமையல் மேடையில் வைத்தாள். எறியவில்லை, தவறவிடவில்லை, வைத்தாள். மகள் மெர்லின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரிப் பேருந்து அவளை ஏற்றாமல் போனது. அதன்பிறகு பல மாதங்கள் அது அவளுக்காக எங்கள் தெருமுனையில் நிற்கவில்லை.

முந்தைய வாரம் வந்த காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தேன். மாலைக்குள் மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டு இரும்புக் கேட் எல்லாமே அவளுக்கு வலியாகிவிட்டன. "காதுக்குள்ள ஊசியால குத்துற மாதிரி இருக்குப்பா" என்றாள்.

சிவகாசியில் இந்த நோயைச் சொல்லி ஆறுதல் வாங்க முடியாது. நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வையாளர். சரக்கு வெளியே போகுமுன் அதில் சிலவற்றை எடுத்து வெடித்துப் பார்ப்பது என் பொறுப்பு. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள்: "ஒங்க பிள்ளைக்கா சத்தம் ஆகல? மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கவுச்சி ஆகாத கதையால்ல இருக்கு!" முதல் தடவை சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வி வரும் திசையைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பினேன்.

முதலில் பார்த்த மருத்துவர் காது சுத்தமாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதினார். அடுத்தவர் படிப்புப் பயம் என்றார். ஸ்டெல்லா செவிலியர், அவள் விடவில்லை. மதுரையில் ஒரு செவித்திறன் நிபுணரிடம் போனோம். இளம்பெண். நாங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஹைபராகூசிஸ் (அன்றாட ஒலிகளே தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகக் கேட்கும் நிலை) என்றார். காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். நாங்கள் காதில் பஞ்சு வைத்து, ஜன்னல்களை அடைத்து, பின்னறையில் அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அது கூடாதாம். "அமைதி கூடக் கூட காது இன்னும் கூசும். நாள் பூரா மெல்லிசா ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கணும். மென்மையான இசையாப் பாருங்க. அந்த ரூமை விட்டு வெளியே வந்தாத்தான் காலேஜுக்குப் போறதைப் பத்திப் பேச முடியும்."

மென்மையான இசை. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! இதைப் படிக்கும் பெற்றோரே, உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஆலங்குளத்தில் இருக்கும் மச்சான், ஸ்டெல்லாவின் அண்ணன், தினமும் காலையில் போனில் ஓர் ஒலிப்பதிவு அனுப்புவார். மன அமைதிக்கு, ஆழ்ந்த தூக்கத்துக்கு என்று தலைப்பு இருக்கும். தியான இசை ஒன்று கோயில் மணியளவுக்கு ஓர் அடியோடு தொடங்கியது. மழைச் சத்தம் என்றதில் நடுவே இடி. போன் செய்து சொன்னேன்.

"மாப்ள, மழைன்னா இடி இருக்கத்தான செய்யும்?"

"மச்சான், அவ ஏற்கெனவே இடிஞ்சு போய்த்தான் கெடக்கா."

"சரி சரி, கோவப்படாதீக. குயில் ஒண்ணு அனுப்புறேன்."

குயிலுக்கு நடுவே பனியன் விளம்பரம் வந்து கத்தியது. மெர்லின் அன்று சாப்பிடவில்லை.

ஆகவே நானே இறங்கினேன். வேலை முடிந்து வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். தாளக்கருவி இருந்தால் தள்ளினேன். திடீரென உயரும் குரலைத் தள்ளினேன். விளம்பரம் வராதபடி பதிவிறக்கி வைத்தேன். நன்றாகத் தேறிய ஒரு புல்லாங்குழலை அவளிடம் கொண்டுபோனால், முகம் சுருங்கும்.

"இதுல சிய்ய்னு ஒண்ணு வருதுல்ல? ஒங்களுக்குக் கேக்கலையாப்பா?"

"அப்படி ஒண்ணுமே இல்ல, தாயி. நான் முழுசும் கேட்டுட்டேன்."

வயலினில் சீறல் என்றாள். ஒரு பெண் குரலில் 'ஸ' வரும்போதெல்லாம் கீறுகிறது என்றாள். நான் மறுபடி கேட்டேன், ஒன்றுமில்லை. வாரங்கள் போயின. ஒருநாள் பொறுமை போய், "நீயா நினைச்சுக்கிட்டா எந்தப் பாட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், சத்தமே வராமல். அந்த வீட்டில் கோபத்தைக்கூட அவள் அப்படித்தான் காட்ட முடிந்தது.

மறுபரிசோதனையில் நிபுணர், முன்னேற்றம் இல்லையே என்றார். "பாட்டெல்லாம் யார் எடுத்துக் குடுக்கிறது?"

"நான்தாம்மா."

"என்ன வேலை பாக்கிறீங்க?"

சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரச் சொன்னார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினேன். பிறகு எதுவும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று கைகட்டிக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டெல்லாவின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான், சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

ஆடியோகிராம் (காது எந்தச் சுருதியை எவ்வளவு ஒலியில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) என் முன் வந்தது. பாதிவரை சமதளம், பிறகு கிணறு. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் எனக்கு ஏறக்குறைய இல்லை.

"சார், உங்க பொண்ணு சொன்ன சத்தம் பாட்டுல இருக்கு. உங்ககிட்டதான் இல்ல."

திரும்பும் வழியில் மெர்லின் என் தோளைத் தொட்டு, "பரவால்லப்பா" என்றாள். அதுதான் அதிகமாக வலித்தது.

அதன்பின் தேர்ந்தெடுக்கும் வேலை கைமாறியது. ஸ்டெல்லா முதலில் கேட்பாள். ஸ்பீக்கர் அறையின் மறுகோடியில் இருக்கும். ஒலியைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுவது மெர்லினின் கையில் மட்டும். இந்த ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொல்வேன்: ஒலியைக் கூட்டும் பொத்தானை நோயாளியிடம் கொடுத்துவிடுங்கள். வீணை ஒவ்வொரு மீட்டலிலும் சுண்டியது என்று விட்டாள். தம்பூரா பரவாயில்லை, ஆனால் அலுப்பு. கடைசியில் செல்லோ (வயலினைப் போன்ற, தடித்த குரல் கொண்ட பெரிய வாத்தியம்) தாழ்ந்த ஸ்தாயியில், துணைக்கு எதுவுமின்றி. ஒரு மதியம் முழுவதும் அது ஓடியது. யாரும் அழவில்லை.

அவள் அறைக் கதவு திறந்தே இருக்க ஆரம்பித்தது. ஆனால் சமையல் நேரத்தில் மட்டும் வெளியே வரமாட்டாள்.

எனக்குக் காது கேட்கும் கருவி போன வாரம் வந்தது. மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். நாளிதழைப் புரட்டினால் தகரம் கிழிவதுபோல் இருந்தது. என் சட்டை என் மேல் உரசுவதே கேட்டது. இத்தனை வருடம் இந்த உடம்பில் இருந்தது நான்தானா என்று தோன்றியது. ஒரு நிமிடம் என்பது இவ்வளவு நெரிசலானது என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நெரிசலுக்குள்தான் என் பிள்ளை மாதக்கணக்கில் கிடந்தாள்.

அப்போது ஸ்டெல்லா சமையலறையில் கடுகு தாளித்தாள். நான் துள்ளி எழுந்து கருவியைப் பிடுங்கப் போனேன்.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். மெர்லின். உள்ளே கடுகு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இறுக்கிச் சுருக்கியபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கழட்டாதீகப்பா. கொறைச்சு வச்சுக்கோங்க. முடியுற வரைக்கும் நானும் இங்கனயே இருக்கேன்."