ரஃப் வாய்ஸ் டில்லிபாபு

டில்லிபாபுவின் காரியம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி அனுசுயா எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“அண்ணா, அவுரு பேசனது எதுனா இங்க கீதா?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. போட்டோவா என்று கேட்டேன்.

“போட்டோ ஊடு பூரா கீது. குரலு தான் இல்ல. பாப்பா நாலு வயசு. இப்பவே மறந்துகினே வருது. பெரிசானா எங்கப்பா எப்டி பேசுவாருன்னு கேக்கும். நா இன்னாத்த காட்டறது?”

இந்தக் காலத்தில் குரல் இல்லாமல் ஒருத்தன் சாக முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவன் போன், அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் அவனை அடித்த தண்ணி லாரியின் டயருக்குக் கீழேயே அப்பளமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அவன் வாயால் பேசி ஒரு மெசேஜ் அனுப்பியதில்லை, எல்லாம் டைப்தான். குழந்தையை வீடியோ எடுத்தானே என்றால், எடுத்தான், நூறு எடுத்தான். ஆனால் எடிட் பண்ணுகிற பயல் ஆயிற்றே! ஒவ்வொன்றையும் வெட்டி, அசல் சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே ஒரு பாட்டைப் போட்டுத்தான் அவளுக்கு அனுப்புவான். குழந்தை தத்தித் தத்தி நடந்துவருகிறது, கேமராவுக்குப் பின்னால் இருந்து அப்பன் கூப்பிட்டிருக்கிறான், நமக்குக் கேட்பதோ வயலினும் புல்லாங்குழலும். தொழில் புத்தியை வீட்டுக்குக் கொண்டுபோகாதேடா என்று அவன் உயிரோடு இருந்தபோதே திட்டியிருக்க வேண்டும்.

எங்கள் ஸ்டுடியோ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருக்கிறது. அனிமேஷன் விளம்பரம், போனில் சுற்றுகிற குட்டி வீடியோ, தொட்டால் பேசுகிற திரை, எது கேட்டாலும் செய்வோம். டைரக்டர் என்று என் பேர் போடுவார்கள். கை ஒடிய வரைந்தது டில்லிபாபு. மண்ணூர்பேட்டைக்காரன். அவன் தாத்தா நாற்று நட்ட இடத்தில் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன, அப்பா அதில் ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டினார், இவன் அதே தெருவில் தவளைக்கும் தக்காளிக்கும் கண் மூக்கு வரைந்தான்.

எங்கள் தொழிலில் ரஃப் வாய்ஸ் என்று ஒன்று உண்டு. பொம்மை பேச வேண்டுமென்றால் முதலில் யாராவது வசனத்தைப் பேசிப் பதிவு பண்ண வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பொம்மையின் வாயை வரைவோம். படம் தேறியதும் நல்ல டப்பிங் கலைஞரைக் கூப்பிட்டு அந்த வாய்க்குப் பேச வைத்துவிட்டு, ரஃப் வாய்ஸைத் தூக்கிப் போட்டுவிடுவோம். எங்களுக்கு அந்தக் குரல் டில்லிபாபுதான். கீழே லேத் நிற்கிற டீ நேரமாகப் பார்த்து, ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வருவான்.

வேறு யாரையும் அவன் பேச விட்டதில்லை. இத்தனைக்கும் அவனுக்குத் திக்கும். ‘ப’ என்று ஆரம்பிக்கிற சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பிரியாது. அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் நறுக்கி, ஒட்டி, பேச்சை நேராக்கிவிட்டுத்தான் வரைய உட்காருவான். நிஜத்தில் வராத சரளம் அங்கே வந்ததில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். படம் முடிந்த அன்றே தன் குரலை ஒரு துணுக்கு விடாமல் அழிப்பதும் அவன்தான். “இந்தக் கொரலு எவன் காதுலயும் வியக் கூடாது அண்ணாத்தே” என்பான்.

அனுசுயாவுக்காக அன்றைக்கு எல்லா ஹார்ட் டிஸ்கையும் குடைந்தேன். அவன் வரைந்த ஒவ்வொரு படமும் இருந்தது. குரல் வைத்திருந்த இடமெல்லாம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பாவிப்பயல், இதிலாவது கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

இல்லை என்று சொல்லத் திரும்பியபோதுதான் தவளை ஞாபகம் வந்தது.

குமணன்சாவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொசு ஒழிப்பு விளம்பரம் செய்தோம். குழந்தைகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெரிய தொடுதிரை. கொசுவைத் தொட்டால் நசுங்கும், ஐந்து கொசு செத்தால் குளத்திலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்து, “தண்ணியத் தேங்க விடாத, பாப்பா!” என்று சொல்லும். அவசர வேலை. டில்லிபாபு நறுக்கி ஒட்ட மறந்து, தன் பேச்சு வந்தபடிக்கே வாயை வரைந்துவிட்டான். ‘பாப்பா’வுக்கு முன்னால் தவளை அகல வாயை இறுக்க மூடிக்கொண்டு திணறியது. டப்பிங் பேச வந்தவர் அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் ஒரு ‘கொர்ர்ர்’ போட்டார். ஆஸ்பத்திரி மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அரை நாள் குடு சார், அத்த மாத்திர்றேன்” என்று டில்லிபாபு கெஞ்சினான்.

“அதுல கைய வைக்காதீங்க. காமெடியே அதான்” என்றார் அவர்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே டில்லிபாபுவின் முகம் செத்துப்போனது. அதற்கப்புறம் அவன் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் மூச்சு விட்டிருக்க மாட்டான்.

இதை அனுசுயாவிடம் சொன்னேன். “குரல் இல்லம்மா. ஆனா அவன் வாய் இருக்கு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “பாப்பானு கூப்டும்போது அப்டித்தாண்ணா நிப்பாரு. பாப்பாவும் ஒதட்ட மூடிகினு அவுரு மூஞ்சியே பாத்துகினு நிக்கும். அவுரு சொல்லி முடிச்சாத்தான் ஓடியாரும்.”

இங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்றதற்கு வேண்டாமென்றாள். குழந்தையோடு சேர்ந்து பார்க்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் பெயர் சிம்ரன். அப்படி ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு அப்பனும் ஆத்தாளும் கூப்பிட்டதென்னவோ பாப்பா என்றுதான். கூடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். தொடுதிரை ஓடியது, ஆனால் சத்தம் வரவில்லை. நாள் பூரா தவளை கத்துவது தாங்காமல் ரிசப்ஷன் பெண் அணைத்து வைத்திருக்கிறாள். “போடட்டுமா சார்?” என்றாள். வேண்டாம் என்று அனுசுயா முந்திக்கொண்டாள்.

சிம்ரன் கொசுக்களைத் தட்டித் தட்டி நசுக்கினாள். தவளை வந்தது. சத்தமில்லாமல் வாயை ஆட்டியது, பிறகு மூடியது. மூடியே இருந்தது. கன்னம் லேசாக உப்பி, இடது ஓரம் ஒரு இழு இழுத்து, திறந்தது. அடக் கடவுளே, அது டில்லிபாபுவேதான். சிரிக்கிற சமாச்சாரமா அது?

அனுசுயா அழவில்லை. “இன்னொருவாட்டி அடி” என்றாள். குழந்தை மறுபடி கொசு அடித்தது. மூன்றாம் தரமோ நான்காம் தரமோ, அவள் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தவளையின் வாயைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். அந்த வாய் போகிற போக்கிலேயே போனாள். அவன் நின்ற இடத்தில் நின்றாள், அவன் திணறிய அளவு திணறினாள்.

“தண்ணியத் தேங்க விடாத, ப்… ப்… பாப்பா!”

பெண்குரலில் அப்படியே டில்லிபாபு. அவள் குழந்தையின் முகத்தை அவ்வளவு ஆவலாகப் பார்த்தாள்.

சிம்ரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கொசுவுக்குக் கை ஓங்கியபடியே சொன்னாள்: “ஒயுங்கா சொல்லும்மா.”

“இன்னாடா?”

“எல்லாரும் பேசறாப்போல சொல்லு. நீ நிறுத்தி நிறுத்தி சொல்ற.”

அனுசுயா என்னைப் பார்த்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, “சொல்லு, சொல்லு” என்றது. மறுபடி தவளை வந்தது.

“தண்ணியத் தேங்க விடாத பாப்பா” என்று அனுசுயா ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். குழந்தை கை தட்டியது. திரையில் தவளை இன்னும் வாயை மூடியபடி நின்றிருந்தது.